கத்தாரிலிருந்து வந்த கொப்பி

பதினோராம் வகுப்பில் எனக்கு முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேருடைய வாப்பாமார் வெளிநாட்டில், மூன்று பேருடைய உம்மாமார் வெளிநாட்டில். பெற்றார் கூட்டம் வைத்தால் மாமா வருவார், சாச்சி வருவார். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, பிள்ளையின் முழுப் பெயரை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களிடம் கூட்டத்தையே அனுப்பி வைத்தால் என்ன என்று யோசித்தேன். வகுப்புக்கு ஓர் இணையத்தளம் செய்யும் எண்ணம் அப்படித்தான் வந்தது.

என் பெயர் ஜுனைதா. கல்முனைக்குடியில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய் முந்தும், மூளை பின்னால் ஆறுதலாக வரும். பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அது தெரிய நாற்பது வயது ஆனது.

இது யுத்தம் முடிந்த மறு வருடம் நடந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு கணனி அறை இருந்தது. ஆறு கணனிகள். தூசு படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, அறைக் கதவின் திறப்பைப் பாடசாலை அதிபர் தன் மேசை லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கணனி கெட்டுப்போகாமல் இருக்க அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது அவருடைய கொள்கை. நான் மூன்று நாள் அவருடைய கதவடியில் நின்று திறப்பை வாங்கினேன்.

இணையத்தளம் என்றதும் ஆளாளுக்கு ஆசை. அதிபருக்கு முகப்பில் தன் படமும் ஒரு வாழ்த்துச் செய்தியும் வேண்டும். விஞ்ஞான ஆசிரியருக்கு ஓடும் எழுத்து வேண்டும். பிள்ளைகளுக்குப் பூவும் பாட்டும் வேண்டும். நான் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு எனக்கு வேண்டியதைச் செய்தேன். முதல் பக்கத்தில் இன்றைய வீட்டு வேலை. இரண்டாம் பக்கத்தில், வராத பிள்ளை தவறவிட்ட பாடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிப் பக்கம். அதில் அந்த வீட்டாருக்கு நான் எழுதும் குறிப்பு. அதிபரின் படத்தைக் கடைசியில் சிறிதாகப் போட்டேன்.

பிள்ளைகளின் படம் போடவில்லை. பெண் பிள்ளைகளின் படத்தைப் போட்டால் அடுத்த நாளே பாதி உம்மாமார் வாசலில் நிற்பார்கள், அவர்கள் நிற்பதும் நியாயம். சோதனை மாக்ஸும் போடவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் மாக்ஸ் அதன் மச்சிமாருக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போகும். அதனால் எண்ணை விட்டு எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்தேன். தனிப் பக்கத்தின் முகவரியை அந்தந்த வீட்டுக்கு மட்டும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அதை எத்தனை தடவை திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஓர் எண் வைத்தேன். அந்த எண்ணில்தான் எனக்கு உயிர். காலையில் பாடசாலைக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் நானே ரைப் செய்தேன். கல்முனை டவுனில் ரைப்பிங் வகுப்புக்குப் போன கை என்னுடையது. பாமினி என்ற கணனித் தமிழ் எழுத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆங்கில கே-யைத் தட்டினால் ம, எம்-ஐத் தட்டினால் அ, மெய்யெழுத்தின் மேல் புள்ளிக்கு அரைப்புள்ளி. எங்கள் பக்கத்தில் பாமினி இல்லாத கணனி கிடையாது. பாடசாலையில் பார்த்தேன், மஜீட் காக்காவின் நெட் கபேயில் பார்த்தேன், என் மைத்துனன் வீட்டிலும் பார்த்தேன். அச்சுப் போல அழகாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி றஸ்னா. கேள்வி கேட்டு முடிக்குமுன் கையை உயர்த்த மாட்டாள். எல்லோரும் பிழையாகச் சொல்லி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சரியான விடையைச் சொல்லுவாள். அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது கடல் தொழில் செய்தவர். சுனாமியில் தோணியும் வீடும் ஒரே காலையில் போயின. ஆட்கள் தப்பினார்கள். கடற்கரையில் திரும்பக் கட்ட விடவில்லை. உள்ளே தள்ளி ஒரு துண்டுக் காணி வாங்கி, அதில் மகளுக்கு வீடு கட்ட அவர் கத்தாருக்குப் போனார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு வைக்காமல் கல்யாணம் பேச முடியாது. சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குத் தகரம் போட்டு, பின் அறை இரண்டுக்கும் சீமெந்து நிலமும் போடாமல், உம்மா றபீக்காவும் றஸ்னாவும் அதிலேயே இருந்தார்கள்.

றபீக்காவின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் பதியுதீன், சம்மாந்துறையில் நெல் வாங்கி விற்பவர். கச்சிமுகம்மது இல்லாத வீட்டுக்கு நல்லது கெட்டது பார்ப்பவர் அவர்தான். அந்த வருடம் அவர் றஸ்னாவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் நல்லவன், கடை வைத்திருக்கிறான். டிசம்பரில் சாதாரண தரச் சோதனை எழுதட்டும், அதோடு படிப்பு போதும் என்பது அவருடைய பேச்சு. அவர் கெட்ட மனுசன் இல்லை. அவருக்குத் தெரிந்த நன்மை அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. அதற்கு மேலே படிக்கிற உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எங்கள் பாடசாலையில் இல்லை. டவுனில் உள்ள பெரிய பாடசாலையில் சேர, பெற்றாரின் கையெழுத்தோடு படிவம் கொடுக்க வேண்டும். நவம்பர் பதினைந்தாம் திகதி கடைசி நாள். றபீக்காவிடம் பேசினேன். அவள், எல்லாம் அவர் முடிவு என்று கத்தாரில் இருக்கும் புருசனைக் காட்டினாள். அதனால் இணையத்தளத்தில் றஸ்னாவின் தனிப் பக்கத்தில் நான் அவருக்கு எழுதினேன். எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்தேன். நன்றாக வந்திருந்தது.

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தின் எண் ஒன்று கூடியது. கத்தாரில் வெள்ளிதான் லீவு நாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த வெள்ளி மூன்று கூடியது. அதற்கடுத்த வெள்ளி நான்கு. பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. றபீக்காவைக் கேட்டேன்.

“பார்த்தாராம் டீச்சர். மறுகா ஒண்டும் சொல்லல்ல. நானா சொல்ற மாதிரிச் செய்ங்க எண்டு மட்டும் சொன்னார்.”

எட்டுத் தடவை திறந்து பார்த்த மனுசன். மகள் இவ்வளவு கெட்டிக்காரி என்று ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறாள், அதற்கு ஓர் ஓம், ஓர் இல்லை சொல்ல வாய் வரவில்லை. இரவெல்லாம் எனக்கு அதுதான். காலையில் வகுப்புக்குள் போனபோது றஸ்னா கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து பிள்ளைகளும் இருந்தார்கள். என் வாய் முந்திவிட்டது.

“உன்ட வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதா?”

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு போய் இருந்துவிட்டாள். இடைவேளையில் அவளாகவே என்னிடம் வந்து, வாப்பா முன்பெல்லாம் ஒவ்வொரு கிழமையும் படிப்பைக் கேட்பார், இப்போது சாப்பிட்டாயா, தலையிடி சுகமா என்று மட்டும்தான் கேட்கிறார் என்றாள். மாமா சொல்வதையே வாப்பாவும் விரும்புகிறார் போல, நீங்கள் இதற்குப் பிறகு கஷ்டப்பட வேண்டாம் டீச்சர் என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு மனுசன் ஏன் திடீரென்று படிப்பைக் கேட்பதை நிறுத்துகிறான்? நான் யோசிக்கவில்லை. கோபம் எனக்கு வசதியாக இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்க, சாலிஹ் என்பவர் கத்தாரிலிருந்து லீவில் வந்தார். எங்கள் ஊர்க்காரர், அங்கே கச்சிமுகம்மதுவை ஜும்ஆத் தொழுகையில் காண்பவர். புதன்கிழமை பாடசாலைக்கே வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பொதியைத் தந்தார். டீச்சரின் கையில் மட்டும் கொடுக்கச் சொன்னாராம், வீட்டில் கொடுக்க வேண்டாம் என்றாராம்.

உள்ளே, பிள்ளைகள் வீட்டு வேலை எழுதுகிற மாதிரி ஒரு கொப்பி இருந்தது. திறந்தேன். முதல் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகள். நீலப் பேனையால், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, வரிசை பிசகாமல். சொல் என்று ஒன்றும் இல்லை. இடைக்கிடை அரைப்புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மேலே புள்ளியும் கீழே வாலும் கவனமாகப் போட்டிருந்தார். அடுத்த பக்கமும் அப்படியே. மூன்றாவது பக்கத்தின் பாதியில் முடிந்திருந்தது.

ரைப்பிங் படித்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். எழுத்தைப் பாமினிக்கு மாற்ற மறந்துவிட்டு அடித்தால் திரையில் வருகிற கோலம் அது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தால் அது அம்மா. பாமினி இருக்கிற கணனியில் அது தமிழ். இல்லாத கணனியில் அது வெறும் ஆங்கிலக் குப்பை. கல்முனையில் எல்லாக் கணனியிலும் பார்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, கத்தாரில் ஒரு கணனியில் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்காகச் செய்தேனோ அவர்களைத் தவிர ஊரில் உள்ள எல்லோரும் வாசிக்கக்கூடிய ஓர் இணையத்தளத்தை நான் செய்து வைத்திருந்தேன்.

அந்த மூன்று பக்கத்தில் மூன்று இடங்களில் வட்டம் போட்டிருந்தது. 31. 4. 15. எண்கள் மட்டும் எந்தக் கணனியிலும் எண்களாகவே வரும்.

கீழே தமிழில் எழுதியிருந்தார்.

“டீச்சருக்கு அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இங்கிலீசு தெரியா. அஞ்சாம் வகுப்போட கடலுக்குப் போனவன். நீங்க எழுதினத ஒரு எழுத்தும் விடாமப் பார்த்து எழுதியிரிக்கன். மூணு வெள்ளி எடுத்திச்சு. நம்பர் மட்டும்தான் விளங்கிச்சு. புள்ளட மாக்ஸ் இதுதானா? இங்க இங்கிலீசு தெரிஞ்ச ஒராள் இரிக்கார். அவருக்கிட்டக் காட்ட மனசு வரல்ல. புள்ளட மாக்ஸ அடுத்தவன் பார்க்கப்படாது. வீட்டுலயும் நான் சொல்லல்ல, புள்ள வெக்கப்படும். மாக்ஸ் இதுதான் எண்டா மச்சான் சொல்றது சரி. ஆனா எழுத்து நிறைய இரிக்கு, நம்பர் மூணுதான் இரிக்கு. எழுத்துல வேற ஏதும் நல்லது எழுதியிருந்தா எனக்குச் சொல்லுங்க. பார்த்து எழுதினதுல பிழை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க.”

நான் ஆசிரியர் அறைக்குப் போகவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அழுகை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, சிவப்புப் பேனையை எடுத்தேன். பழக்க தோசம். அவர் எழுதியதை எழுத்து எழுத்தாகத் திருத்தினேன். மூன்று பக்கத்திலும் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ஓர் இடத்தில் ஓர் எழுத்து கூடியிருந்தது. கணனியில் போய்ப் பார்த்தேன். அது நான் விட்ட பிழை. அவர் அதையும் அப்படியே எழுதியிருந்தார்.

றஸ்னாவைக் கணனி அறைக்குக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்ல நான் பாமினியில் அடித்தேன். நான்காவது வரியில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். வகுப்பில் 31 பிள்ளைகள், உங்கள் மகள் முதல் 4 பேரில் ஒருத்தி என்று திரையில் இருந்தது. பிறகு கொப்பியின் கீழே வாப்பா தமிழில் எழுதியிருந்ததை வாசித்தாள். வாசித்துவிட்டு அந்த மூன்று வட்டத்தையும் விரலால் தொட்டாள்.

“மகள், அண்டைக்கு நான் கேட்டது பிழை,” என்றேன். “வாசிக்க ஏலாத மாதிரி எழுதினது நான்.”

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். அவள் அழாமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி என்ன செய்வது? புதிய வகை எழுத்தில் எல்லாவற்றையும் மாற்றி அடித்தால் எந்த நாட்டிலும் தெரியும் என்று மஜீட் காக்கா சொன்னார். ஆனால் அதை நான் பழக ஒரு மாதம் எடுக்கும். திங்கட்கிழமை படிவத்தின் கடைசி நாள். சனிக்கிழமை கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் பதியுதீன் வருகிறார். கச்சிமுகம்மதுக்குப் போன் எடுத்தால் கிடைக்காது. வேலைத்தளத்தில் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவராக எடுத்தால்தான் உண்டு.

கடைசியில் மிகச் சுலபமான வழி கிடைத்தது. வெள்ளைத் தாளில் என் கையால், பேனையால், பெரிய எழுத்தில் அதே குறிப்பை எழுதினேன். மஜீட் காக்காவின் கமராவில் அதைப் படம் எடுத்து, படத்தை அப்படியே றஸ்னாவின் பக்கத்தில் போட்டேன். படத்துக்கு எந்த எழுத்தும் தேவையில்லை. வியாழன் மாலைக்குள் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் அப்படியே செய்தேன். அதோடு, வெளிநாட்டில் உள்ள மற்றப் பெற்றாரையும் விசாரித்தேன். ஒருவர் வைரஸ் என்று பயந்து மூடிவிட்டாராம். இன்னொருவர், டீச்சர் முழுக்க இங்கிலீசில் எழுதுகிறா, பாடசாலை எங்கேயோ போய்விட்டது என்று கூட்டாளிமாரிடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தாராம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை நான் றபீக்காவின் வீட்டில் இருந்தேன். பின்னேரம் நாலு மணி ஆகியும் போன் வரவில்லை. றபீக்கா தேயிலை ஊற்றித் தந்தாள். கொப்பியின் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். அவர் போன் எடுத்தவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று அவள் துடித்தாள். றஸ்னாதான் வேண்டாம் என்றாள்.

“சொல்லாதீங்க உம்மா. வாப்பா தன்ட கண்ணால வாசிக்கட்டும்.”

போன் வந்தது. றபீக்கா சலாம் சொன்னாள். டீச்சர் புதிதாக எழுதி வைத்திருக்கிறா, இப்போதே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கேயா என்று அவர் கேட்பது எனக்கும் கேட்டது. சரி என்று வைத்துவிட்டார். பார்க்கப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். தகரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அங்குள்ள நெட் கபேக்குப் போகவே மாட்டார் என்று ஒரு கட்டத்தில் நான் நினைத்தேன்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி போன் வந்தது. றபீக்கா எடுத்துக் காதில் வைத்தாள். வைத்ததும் என்னிடம் நீட்டினாள். உங்களைக் கேட்கிறார் என்றாள்.

நான் சலாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தான் கணனிக்கு முன்னால் இருப்பதாகச் சொன்னார். பிறகு வாசிக்கத் தொடங்கினார்.

ஐந்தாம் வகுப்பு வாசிப்பு. ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டி, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு. “அன்-புள்ள பெற்-றாருக்கு. வகுப்பில் முப்பத்தொரு பிள்-ளைகள். உங்கள் மகள் றஸ்னா முதல் நாலு பேரில் ஒருத்தி.” அந்த இடத்தில் நின்றார். திரும்பவும் அதே வரியை வாசித்தார். பிறகு மேலே போனார். விஞ்ஞானப் பிரிவு, டவுன் பாடசாலை, பதினைந்தாம் திகதி, உங்கள் சம்மதம் என்று எதையும் விடாமல் கடைசியில் என் பெயர் வரைக்கும் வாசித்தார். எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் நின்று வாசித்திருக்கிறார்கள். இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை.

“பிழை இரிக்கா டீச்சர்?” என்று கேட்டார்.

“ஒண்டும் இல்ல,” என்றேன்.

மச்சானிடம் தானே கதைப்பதாகவும், படிவத்தில் றபீக்கா கையெழுத்து வைக்கட்டும் என்றும் சொன்னார். வீடு எப்படியும் மகளுக்குத்தான், அது அவள் படித்து முடிக்கும் வரைக்கும் அவளுக்காகக் காத்திருக்கும் என்றார். பிறகு போனை மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

றஸ்னா கையை நீட்டினாள். கொடுக்குமுன், கரும்பலகைக்குப் பக்கத்தில் அவளிடம் கேட்டதற்கு நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“உங்கட வாப்பா நல்லா வாசிக்கிறார், மகள்.”

அப்போதுதான் அவள் அழுதாள்.